பாதி பாட்டில் தண்ணீர்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கிணறு, போர்வெல், பாய்லர், நீச்சல் குளம் என்று எல்லாத் தண்ணீரும் என் மேசைக்கு வந்து போகும். மீன் தொட்டித் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். ஆனால் இன்றைக்கும் நினைத்தால் கூசவைக்கிற ஒரு ரிப்போர்ட் அப்படி வந்த தண்ணீருக்கு நான் கொடுத்ததுதான்.

ஒருவர் குளிர்பான பாட்டிலில் பாதி அளவு தண்ணீரோடு வந்தார். “வீட்டுல சொட்டு கிட்ல பிஹெச் பார்த்தா மஞ்சளும் பச்சையுமா 6.8 காட்டுது சார். சரிதானான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். பிஹெச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சொட்டு கிட் என்பது தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அந்த எண்ணைப் படிப்பது. அன்று காலையில்தான் மூன்று பஃபர் கரைசலிலும் (பிஹெச் இவ்வளவு என்று தெரிந்த கரைசல்கள்) மீட்டரை காலிபரேட் செய்திருந்தேன். தண்ணீரில் முக்கும் எலக்ட்ரோடை அலசி, டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்துதான் பார்த்தேன். 7.7. “உங்க கிட் பழசாயிருக்கும், வேற வாங்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவாம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது செடி வளர்க்கும் தொட்டி. சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விட்டுக்கொண்டிருக்கிறார். 7.7 அதிகம் என்று நினைத்து, பிஹெச்சைக் குறைக்கும் அமிலக் கரைசலை இரண்டு நாளாக ஊற்றியிருக்கிறார். சிலிண்டரை மூடுங்கள், காற்று மோட்டாரைப் போடுங்கள், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு, கையடக்க மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தண்ணீரை மாற்றிய பிறகும் தொட்டிக்குள் 6.3 காட்டியது. அதே தண்ணீரைப் பாதி பாட்டிலில் பிடித்து, மூடி, நன்றாகக் குலுக்கி, திறந்து, மறுபடி குலுக்கிப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. எனக்குக் காது சுட்டது.

கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கார்பானிக் அமிலமாகி பிஹெச்சை இறக்கி வைத்திருக்கும். பாட்டிலில் காற்றுக்கு இடம் விட்டு வழியெல்லாம் ஆட்டிக்கொண்டு வந்தால் அந்த வாயு வெளியேறிவிடும், பிஹெச் ஏறும். அன்று என் மேசைக்கு வந்தபோது அது தொட்டித் தண்ணீராகவே இல்லை. மீட்டரும் சரி, அவருடைய கிட்டும் சரி. தவறு செய்தது நான். ஊற்றிய அமிலமோ தண்ணீரிலிருந்த பைகார்பனேட்டைத் தின்று, அதையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றியிருக்கிறது. மீன்கள் மேலே வந்ததற்கு அதுதான் காரணம்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அவருடைய கிட்டில் இருந்தது புரோமோதைமால் புளூ என்ற, பிஹெச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம். 6-ல் மஞ்சள், 7.6-ல் நீலம். தொட்டி நிஜமாகவே 7.7-ல் இருந்திருந்தால் குழாய் முழு நீலமாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? மஞ்சளும் பச்சையுமாக என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

அதற்கப்புறம் சொட்டு கிட் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அதையும் கெடுக்கும் வழிகள் உண்டு. மூடிக்குப் பதில் கட்டைவிரலை வைத்துக் குலுக்குவார்கள். தோலில் இருக்கிற அமிலமும் சோப்பும் ஐந்து மில்லி தண்ணீருக்குத் தாராளம். சொட்டு பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். செடிக்கான சிவப்பு கலந்த விளக்கின் கீழ் வண்ண அட்டையை ஒப்பிட்டால் எந்தப் பச்சையும் சந்தேகத்துக்குரிய பச்சைதான். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தில் நின்றால் ‘அது அல்லது அதற்கு மேல்’ என்றுதான் படிக்க வேண்டும். உயர் அளவுக்கு வேறு கரைசல் இருக்கிறது.

பேனா மீட்டர் வைத்திருப்பவர்கள் எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள். எலக்ட்ரோடு நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழைக் காயவிட்டாலும் போச்சு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டாலும் போச்சு. பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் அதற்கு வீடு. திறந்து நாளான பஃபரில், குறிப்பாக பிஹெச் 10 பஃபரில், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து அதன் எண்ணே இறங்கிவிடும். பிறகு அதை வைத்து எதைத் திருத்துவது? ஆர்ஓ மாதிரி உப்பு குறைந்த தண்ணீரில் எண் நிலைக்க நேரமாகும். முதல் எண்ணைப் படித்துவிட்டு ஓடக்கூடாது.

ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பவர்களிடம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் கணக்கைச் சொல்வேன். 25 டிகிரியில், பிஹெச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8-ல் அது ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இப்போது மீன் தொட்டித் தண்ணீர் என்று யாராவது வந்தால், மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கேள்விதான். எப்போது பிடித்தீர்கள்? வெளிச்சத்தில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் சாயங்காலம் பிஹெச் ஏறியிருக்கும், விடியற்காலையில் இறங்கியிருக்கும். பாட்டில் ததும்ப இருந்ததா? முடிந்தால் தொட்டிப் பக்கத்திலேயே பாருங்கள் என்றும் சொல்லிவிடுவேன். கூடத்துக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

இரண்டு மீன் போக மற்றவை பிழைத்தன. சில மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே அமுக்கி, நீருக்கடியிலேயே மூடியைத் திருகி, ஒரு குமிழி கூட இல்லாமல் கொண்டுவந்திருந்தார். உடனே பார்த்தேன். 6.9. “வீட்டுல எவ்வளவு காட்டிச்சு?” என்றேன்.

“6.8 சார். அதே பழைய கிட்தான்.”