காப்புரிமைக் குறியீடுகளும் கல்யாணப் பேச்சும்

ஒரு வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ கண்டுபிடிப்பை விட, அது எந்தத் துறை என்று சொல்லும் முதல் பக்கத்து வகைப்பாட்டுக் குறியீடுகள்தான் சுவாரஸ்யம்.

ஏ61பி என்றால் நோய் கண்டறிதல், அறுவை சிகிச்சை. ஜி06என் என்றால் இயந்திரக் கற்றல் வகையறா. ஒரே விண்ணப்பத்தில் இரண்டும் இருந்தால், டாக்டர் அறையும் கணினியும் சம்பந்தம் பேசுகின்றன என்று அர்த்தம். எந்தத் துறைகள் கைகோக்கப் போகின்றன என்று முன்கூட்டியே அறிய, அந்த மாதிரி ஜோடிகள் வருடா வருடம் கூடுகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதுதான் மொத்த வித்தையும்.

உறவு முற்றினால் தனிவீடே கொடுத்துவிடுகிறார்கள். 2015-இல் முப்பரிமாண அச்சுக்கு பி33ஒய், 2018-இல் மருத்துவத் தகவலியலுக்கு ஜி16எச். ஆனால் தனிக் குறியீடு வந்த பிறகு கவனித்தால் அது ஊருக்கே தெரிந்த கல்யாணம். அதற்கு முன்பே மோப்பம் பிடிக்க வேண்டும்.

ஒரு சிக்கல். விண்ணப்பங்கள் பொதுவாகத் தாக்கல் செய்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். வரைபடத்தில் போன வருடத்துக் கோடு சரிந்ததும், சரி, மவுசு போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். எங்கே போனது? விண்ணப்பங்கள் இன்னும் உறைக்குள்ளேயே தூங்குகின்றன.