ஜாப் கோச் எப்போது விலக வேண்டும்?

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பள்ளி முடிந்ததும் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சேர்த்தோம், கவர் ஒட்டுவது, மெழுகுவர்த்தி ஊற்றுவது என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. எப்போது வேலைக்கு அனுப்பலாம் என்று கேட்டால் "இன்னும் ரெடி ஆகலை" என்பார்கள். கவர் ஒட்டுவதைப் பார்த்து, துணி மடிக்கும் வேலைக்கு ஒருவன் தயாரா என்று எப்படிச் சொல்ல முடியும்?

1970களிலேயே அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதுவும் வராது என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, அதிகம் பேசாமல் சொல்லிக்கொடுப்பார், ஒருவருக்குப் பிடிபடவில்லை என்றால் சொல்லித்தரும் விதத்தை மாற்றுவார். முதலில் சம்பளத்தோடு வேலை, பயிற்சி அந்த இடத்திலேயே என்கிற ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு அதற்கப்புறம் வளர்ந்தது, 1986-ல் அந்த நாட்டுச் சட்டத்திலும் இடம்பிடித்தது.

தம்பிக்கும் அப்படி ஒரு ஜாப் கோச், அதாவது வேலை செய்யும் இடத்துக்கே கூட வந்து பழக்கிவிடுபவர், கிடைத்தார். வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். தம்பியைக் கூட்டிப்போவதற்கு முன்னால் அவரே இரண்டு நாள் அங்கே நின்று துணி மடித்துப் பார்த்தார். போர்வையை இருவர் சேர்ந்து வேகமாக மடிக்க வேண்டும், அது தம்பிக்கு ஒத்துவராது, அதனால் துண்டும் தலையணை உறையும் மட்டும் அவனுக்கு என்று பேசி முடித்தார். மெஷின் சத்தம் குறைவான மூலையில் மேஜை. இடைவேளை முடிவது அவனுக்குத் தெரியவில்லை என்றதும், பக்கத்து மேஜை அக்காவிடம் எழுந்திருக்கும்போது மேஜையை ஒரு தட்டு தட்டச் சொன்னார், அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

ஐந்தாவது வாரம் கோச் வருவது நின்றது. அவன் தேறிவிட்டான், கேஸ் முடிந்தது என்று அவரை அனுப்பிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் புது சூப்பர்வைசர் வந்து மேஜையை மெஷின் பக்கம் மாற்றி, போர்வையையும் மடிக்கச் சொல்ல, அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறான். மூன்றாம் நாள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோச் மெல்ல மெல்ல விலகத்தான் வேண்டும். எப்போதும் பக்கத்திலேயே நின்றால் மற்றவர்கள் தம்பியிடம் பேசாமல் அவரிடமே பேசுவார்கள். ஆனால் விலகுவது வேறு, காணாமல் போவது வேறு. தீவிர மனநோய் உள்ளவர்களுக்கான இதே மாதிரியான முறையில், தேவைப்படும் வரை துணை தொடரும் என்பது அடிப்படை விதி. ஐரோப்பாவில் ஆறு நகரங்களில் 312 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது: இந்த முறையில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருந்தார்கள், வழக்கமான பயிற்சி வழியில் 28 சதவீதம் பேர்தான்.

தம்பி இப்போது வேறோர் இடத்தில் இருக்கிறான், அதே துண்டு மடிக்கும் வேலை. புது கோச் மாதம் ஒரு முறை வருகிறார், நடுவில் சூப்பர்வைசருக்கு ஒரு போன். போன வாரம் சூப்பர்வைசரே முந்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்: "மேஜையெல்லாம் இடம் மாத்தப் போறோம், அன்னைக்கு ஒரு நாள் வந்து கூட இருக்க முடியுமா?"