லெஜண்டுக்கு முதுகு சாயும் நாற்காலி

ஒருவரைப் போஸ்டரில் 'லெஜண்ட்' என்று போட ஒரு காசு செலவில்லை. அதனால் தாராளமாகப் போடுகிறோம். நியூயார்க் பக்கம் ஹிப் ஹாப் நடனப் போட்டிகளுக்கு மேடை, பயணம், தங்குமிடம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய குழுவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது. சாப்பாடு எத்தனை மணிக்கு வரும், விமான நிலையத்துக்கு யார் போவது, காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது, இவைதான் என் தலைவலி. ஆனால் ஒரு மூத்த கலைஞரை நாம் உண்மையில் என்னவாக நினைக்கிறோம் என்பது இந்தச் சில்லறை வேலைகளில்தான் வெளியே வரும்.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் கூல் ஹெர்க் இசை போட்ட பார்ட்டியைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஓடும் 'பிரேக்' பகுதியை அவர் நீட்டி நீட்டிப் போட்டார். அந்த இடத்துக்காகவே காத்திருந்து இறங்கி ஆடிய பிள்ளைகள் பி-பாய்கள், பி-கேர்ள்கள் ஆனார்கள்; அவர்கள் ஆட்டம்தான் பிரேக்கிங். அன்று பதினைந்து வயது என்றால் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள். 1981இல் லிங்கன் சென்டர் வளாகத்தில் ராக் ஸ்டெடி க்ரூ, டைனமிக் ராக்கர்ஸ் என்ற இரண்டு பிரேக்கிங் குழுக்கள் ஆட்டத்தில் மோதிய சமயத்தில் பள்ளி வயதில் இருந்தவர்களே அறுபதை ஒட்டி வந்தாயிற்று. பலர் அந்த வயதைப் பார்க்கவேயில்லை. ராக் ஸ்டெடியின் ஃப்ராஸ்டி ஃப்ரீஸ் 2008இல் 44 வயதில் போனார். அசைவைச் சட்டெனப் பூட்டியதுபோல் நிறுத்தி ஆடும் 'லாக்கிங்' வகையை உருவாக்கிய டான் கேம்ப்பெல் 2020 மார்ச்சில், 69 வயதில். அவரோடு 'தி லாக்கர்ஸ்' குழுவில் ஆடிய ஷாபா டூ அதே ஆண்டு டிசம்பரில், 65 வயதில்.

இவர்கள் பழகியது ஸ்டுடியோவின் மரத்தளத்தில் அல்ல. நடைபாதை சிமெண்டில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, கிடைத்தால் ஒரு லினோலியம் துண்டை விரித்து, அதன் மேல் முதுகையும் தலையையும் வைத்துச் சுழன்றார்கள். லாக்கிங்கில் நின்ற நிலையிலிருந்து அப்படியே முழங்காலில் விழும் அசைவு ஒன்று உண்டு. பார்க்க அட்டகாசமாக இருக்கும். நாற்பது வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது அது கணக்குக் கேட்கும். எங்கள் அரங்கு ஒன்றில் ஒப்பனை அறை இரண்டு மாடிக்கு மேலே, ஏறுவதற்கு இரும்புப்படி மட்டும். இப்போது மூத்தவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அலுவலக அறையைக் காலி செய்து கொடுக்கிறோம். நடுவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி வேண்டும் என்று கேட்கவே ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. முதுகில்லாத உயரமான ஸ்டூல் கேமராவில் அழகாகத் தெரியுமாம். காலை பத்து மணிக்குத் தகுதிச் சுற்று தொடங்கினால் இறுதிச் சுற்று முடிய நள்ளிரவாகும். அவ்வளவு நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் அழகு தெரியும்.

இன்னொரு பழக்கம், கூட்டத்தின் நடுவே மைக்கில் பெயரைச் சொல்லி "ஒரே ஒரு ஹெட்ஸ்பின்!" என்று, தலையை ஊன்றிச் சுழலச் சொல்லிக் கேட்பது. அறுபது வயதுக்காரர் என்ன செய்வார்? மறுத்தால் கிழவர் ஆகிவிட்டார் என்பார்கள், ஒத்துக்கொண்டால் கழுத்து போகும். தொகுப்பாளருக்குக் கொடுக்கும் தாளில் இதைச் செய்யக்கூடாதவைகளில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் நாற்காலியும் அறையும் எளிதில் தீரும் விஷயங்கள். நிஜமான இடக்கு படப்பதிவு அனுமதிப் படிவத்தில் இருக்கிறது. வகுப்பு எடுக்க வருபவரிடம் கடைசி நிமிடத்தில் நீட்டும் இரண்டு பக்கத் தாள். உங்கள் வகுப்பைப் படம் பிடிப்போம், எந்த ஊடகத்திலும் எந்தக் காலத்திலும் பயன்படுத்துவோம், அதற்குத் தனிப் பணம் கிடையாது, இவ்வளவுதான் சாரம். இருபது வயதுக்காரர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், விளம்பரம் ஆயிற்றே என்று. 'பாப்பிங்' வகை ஆடும் ஒரு மூத்த பாப்பர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி படித்தார். பேனாவை மேசையில் வைத்தார். "இதை நான் ஒன்றரை மணி நேரத்துக்கு வாடகைக்கு விட வந்தேன், விற்க வரவில்லை" என்றார். எங்கள் தயாரிப்பாளருக்குக் கோபம். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது.

காரணம் இதுதான். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் முழு நடன அமைப்பைப் பதிவு செய்யலாம். தனி அசைவுக்கும், மக்கள் கூடி ஆடும் சாதாரண நடனத்துக்கும் பாதுகாப்பு கிடையாது. பாப்பிங்கில் தசையைச் சட்டென இறுக்கித் தளர்த்தும் அந்த ஒரு 'பாப்' உலகம் முழுக்க விளம்பரங்களிலும் இசை வீடியோக்களிலும் ஓடுகிறது. உருவாக்கியவருக்கு ராயல்டி என்று எதுவும் வராது. ஓய்வூதியமும் இல்லை. மிஞ்சுவது நேரில் நின்று கற்றுக்கொடுக்கும் மணிநேரக் கூலி மட்டும். அந்த வகுப்பையே படம் பிடித்து என்றென்றைக்கும் வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறோம்? கூல் ஹெர்க் 2011இல் நோயில் படுத்தபோது மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இல்லை என்று செய்தி வந்தது. 2023இல் அவரை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தார்கள். நல்லது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருடம்.

பெயர் விஷயத்திலும் மூத்தவர்களுக்குக் கோபம் உண்டு. பாப்பிங் பிராங்ஸில் பிறந்தது அல்ல. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பூகலூ சாமும் அவர் தொடங்கிய எலெக்ட்ரிக் பூகலூஸ் குழுவும் வளர்த்தது. லாக்கிங் லாஸ் ஏஞ்சலஸில் வந்தது, பிரேக்கிங்குக்குப் பெயர் கிடைப்பதற்கு முன்பே டிவியில் தெரிந்தது. 80களில் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பிரேக் டான்ஸ்' என்று பெயர் வைத்தன. நம்மூர் கல்லூரி விழாக்களில் அந்தப் பெயரில் ஆடியதில் பாதி பாப்பிங்தான், ஃபிரெஸ்னோ என்று ஒரு ஊர் இருப்பது நம்மில் யாருக்குத் தெரியும்! போஸ்டரில் வகையையும் ஊரையும் சரியாகப் போட்டாலே சிலர் போன் செய்து நன்றி சொல்கிறார்கள்.

இவர்கள் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று நினைக்க வேண்டாம். எந்த அசைவை யார் முதலில் செய்தார் என்று ஒரே காரில் வந்த இருவர் வழி நெடுக வாதாடி, இறங்கிய பிறகு பேச்சே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். காபி சரியில்லை என்று கத்தியவர் உண்டு. சரி, கத்தட்டும். நடுவர்கள் ஆடிக் காட்டும் பத்து நிமிடத்தில் அதே மனிதர் பாட்டின் பாதியைத் தலையசைத்தே கடத்திவிட்டு, ஒரே ஒரு இடத்தில் கையை உயர்த்திப் பூட்டு விழுந்ததுபோல் நிறுத்துவார். பத்துச் சுற்று சுழன்று வந்த இளைஞர்கள் தாங்கள் எந்த இடத்தில் தாளத்தைத் தாண்டி ஓடினோம் என்று அப்போது கண்டுகொள்வார்கள்.

அந்தப் படிவத்தை இப்போது மாற்றியாயிற்று. வகுப்பில் இரண்டு நிமிடம் மட்டும் படம் பிடிக்கலாம், ஓராண்டு மட்டும் பயன்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். கணக்குப் பிரிவு இன்னும் ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது: நிகழ்ச்சி முடிந்த இரவே காசோலை. அறுபது நாள் கழித்து அனுப்புவதுதான் நடைமுறையாம். மருந்துக் கடைக்காரர் அறுபது நாள் பொறுப்பாரா என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.