பிராட்வே நடைபாதையும் எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையும்

செவ்வாய்க்கிழமை என்றால் சென்னை ஆர்மேனியன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அங்குள்ள தேவாலயத்தில் நடக்கும் புனித அந்தோணியார் நவநாள் வழிபாட்டுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் ரொட்டியோ சோற்றுப் பொட்டலமோ வாங்கி வந்து, கோயிலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். பள்ளி விட்டதும் அந்தக் கூட்டத்தில் நுழைந்து வெளியேறித்தான் பாரிமுனையில் பஸ் பிடிப்போம். 1980களில் நம் பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது நினைவிருக்கும்.

அந்த வரிசையில் உட்காரும் ஆயா ஒருவர் எங்களிடம் சொன்னார்: "செவ்வாக்கெழம நாலு பேரு சோறு குடுப்பாங்க தம்பி. பொதங்கெழம டீக்குக் கூட வழியிருக்காது." நம் ஊர்த் தர்மத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் இதுதான்.

சனிக்கிழமை மாலை பள்ளியில், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டம் நடக்கும். வரலாற்று ஆசிரியர்தான் பொறுப்பு. 1833இல் பாரிசில் இந்தச் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாம் இருபது வயது மாணவர். "உங்களைவிட நாலைந்து வயசுதான் பெரியவர்" என்று சார் அடிக்கடி சொல்வார். கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை கைமாறி வரும். மூடிய கையை உள்ளே விட்டுத்தான் காசு போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்று பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. துறைமுகக் காண்டிராக்டர் மகனும் மீன் கூடை தூக்குபவர் மகனும் அந்த ஒரே பையில்தான் கை விட்டார்கள். இன்றைக்கு நன்கொடையாளர் பெயரைப் பளிங்கில் வெட்டி வைக்கும் மண்டபங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பை ஞாபகம் வருகிறது.

சபையின் விதிகள் எளிமையானவை. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒரே குடும்பத்தை வாராவாரம் பார்க்க வேண்டும். கொடுத்துவிட்டு ஓடி வரக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். இதோடு சார் தன் பங்குக்கு ஒரு விதி வைத்திருந்தார்: ஜெபப் பிரசுரம் எதுவும் கொடுக்கக் கூடாது. "பசித்தவன் கையில் சோற்றோடு சேர்த்து ஒரு காகிதத்தைத் திணித்தால், அவன் எதை வேண்டாம் என்று சொல்வான்?" என்று கேட்பார். கிறிஸ்துவின் பெயரால் செய்யும் உதவிக்கு இந்தக் கண்ணியம் கட்டாயம் வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன்.

எனக்கும் என் ஜோடிக்கும் ஒதுக்கப்பட்டது அந்த ஆயாவின் குடும்பம்தான். சைனா பஜார் பக்கம் ஒரு கடை வாசலில் மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருந்தார். ஆயா பூக்கட்டுவார், மகள் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்ப்பார். வேலை இல்லாதவர்கள் அல்ல, வீடு இல்லாதவர்கள். காலையில் கடை ஷட்டர் தூக்குவதற்குள் பாய், பானை, துணி மூட்டை எல்லாவற்றையும் தார்ப்பாயில் சுற்றி விளக்குக் கம்பத்தோடு கட்டிவிட வேண்டும். இரவு ஷட்டர் இறங்கிய பிறகுதான் பாயை விரிக்கலாம். பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கு, ஒருத்தி புடவையை மறைப்பாகப் பிடிக்க, இன்னொருத்தி குழாயடியில் குளிப்பார்கள். கழிப்பிடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் காசு. ஐப்பசி மழையில் உட்கார இடமில்லாமல், கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு விடியும்வரை நின்றிருப்பார்கள். "நா பொறந்ததே இந்த பிளாட்பாரத்துலதாம்பா. எங்கம்மாவ இங்கேருந்துதான் தூக்கினு போனோம்" என்று ஆயா சாதாரணமாகச் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம்; ஆனால் அவர்களை அப்புறப்படுத்துவதைத் தடுக்கவில்லை. சார் செய்தித்தாளை வகுப்புக்கே எடுத்து வந்து வாசித்துக் காட்டினார். பிறகு 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதிலிருந்து வளர்ந்ததுதான். வடசென்னைப் பெரியவர்கள் வாயில் அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. "இருநூறு வருஷமாகக் கஞ்சி ஊற்றுகிறோம். படுக்க இடம்?" என்று கேட்டு நிறுத்தினார்.

அடுத்த ஆண்டு ஆயாவின் மகள் ராயபுரத்தில் ஓர் அறை பார்த்து வந்தார். வாடகை அவரால் கொடுக்க முடிகிற தொகைதான். பத்து மாத அட்வான்ஸ்தான் முடியாதது. சபைப் பையில் இருந்ததைக் கொடுத்தோம், மீதியை சார் நாலு இடத்தில் கேட்டுச் சேர்த்தார். பிளாட்பாரத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் பின்வாங்கினார். சார் நேரில் போய், தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டார். மகளும் பிள்ளைகளும் போனார்கள். ஆயா மட்டும் வியாபாரம் கெட்டுவிடும் என்று வர மறுத்து, மழை தொடங்கிய பிறகுதான் போனார். பூ விற்க மட்டும் தினமும் பழைய இடத்துக்கே வருவார். பேரன் அந்த ஆண்டுதான் முதல்முறையாக ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் போனான்.

இதைவிடப் பெரிதாகச் செய்தவர்கள் நம் நகரத்தில் உண்டு. வியாசர்பாடியில் சலேசிய சபையைச் சேர்ந்த இத்தாலியத் துறவி மந்தோவானி ஏழைகளுக்காகத் தொடங்கிய பீட்டிட்யூட்ஸ் நிலையம், அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய டச்சுக்காரர் ஸ்லூஸ் அடிகளார், சென்ட்ரலில் ரயிலிறங்கித் திக்குத் தெரியாமல் நிற்கும் சிறுவர்களுக்கான டான் பாஸ்கோ அன்பு இல்லம். 1937இல் பிரான்சிலிருந்து வந்து 2012இல் சென்னையிலேயே கண்மூடிய இயேசு சபைத் துறவி பியேர் செராக்கையும் சொல்ல வேண்டும். இவர்கள் யாரும் பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் அல்ல.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2013இல் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது. ரேஷனில் அரிசி இலவசம். சோற்றுக்கு அரசாங்கம் ஓரளவு வழி செய்துவிட்டது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில் வீடற்றோர் காப்பகங்களும் வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குடும்பமாக இருப்பவர்கள் பிரிந்து போவார்களா? கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வீடு கொடுத்தாலும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். பூ விற்கிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் பிழைப்பு இங்கே இருக்கிறது. அதனால்தான் வால்டாக்ஸ் சாலையிலும் பிராட்வேயிலும் இன்னும் பாய் விரிக்கிறார்கள்.

பங்குக் கோயில்களின் மண்டபங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ கோயில் மண்டபங்களைத் திறந்து விட்டார்கள், ஊரே பாராட்டியது. வெள்ளம் வராத சாதாரண மழை இரவிலும் கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள். கல்யாணம் இல்லாத நாட்களில் அந்த மண்டபத்துக்கு ஏன் பூட்டு? பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்ன மத்தேயு நற்செய்தியின் அதே அதிகாரத்தில், அந்நியனைச் சேர்த்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறது.

நம் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கம்பளிக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் பணம் அனுப்புகிறது. நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறோம். இந்த ஆண்டு அதில் பாதியை அட்வான்ஸ் நிதியாக ஒதுக்குவோம் என்று கேட்கிறேன். வாடகைச் சட்டம் மூன்று மாத முன்பணம் என்றாலும், வேறு மாதிரி ஒப்பந்தம் போட இடம் விடுகிறது. நடப்பில் இன்னும் பத்து மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 4,000 ரூபாய் அறைக்கு 40,000. இதை வீட்டுக்காரரிடம் நேரடியாகச் செலுத்தி, ஒப்பந்தத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் எழுதலாம். காலி செய்யும்போது பணம் நிதிக்கே திரும்பி, அடுத்த குடும்பத்துக்குப் போகும். வாராவாரம் போய்ப் பார்க்கும் பொறுப்பைப் பள்ளிச் சபைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் பணம் மட்டும் போதாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வாருங்கள்.