எந்த ஒண்ணு, மேடம்?

ஸ்கேனுக்கு வந்த ஒரு கர்ப்பிணியின் இந்தக் கேள்விக்கு நான் வாயால் சொன்ன பதில் சரிதான். விரல் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

20 வாரம், ஒரே நஞ்சுக்கொடியில் இரட்டை. பெரியதைச் சுற்றி 11 செ.மீ. ஆழத்துக்குப் பனிக்குட நீர், சின்னதைச் சுற்றித் துளிகூட இல்லை. பாலித்தீன் பையில் போட்டு இறுக்கியதுபோல சவ்வு அதன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது, மூத்திரப்பையும் தெரியவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் கெட்டிருந்தது, அதாவது ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் நோயின் மூன்றாம் நிலை. "ரெண்டுக்கும் நடுவுல ரத்தக்குழாய் சேர்ந்திருக்கும்மா, சின்னது பெருசுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கு, லேசர்ல அதைச் சுட்டு அடைக்கணும்" என்றேன். அப்புறம் வழக்கம்போல எண்ணுக்கு வந்தேன். 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லேசர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 76 பேருக்கு ஒரு குழந்தையாவது 28 நாள் தாண்டியது, நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தவர்களில் 56 பேருக்கு. இந்த 'ஒரு குழந்தையாவது' என்ற சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை.

அவள் கேட்டாள்: "எந்த ஒண்ணு, மேடம்?"

"அதை முன்னாடியே சொல்ல முடியாதும்மா."

சொல்லும்போதே என் விரல் திரையில் சின்னதின் மேல் போய் நின்றது. மூத்திரப்பை இருக்கவேண்டிய இடத்தைக் காட்டத்தான் போயிருக்கும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் லேசருக்குப் பிறகு, ரத்தம் கொடுக்கிற சின்ன குழந்தைக்குத்தான் ஆபத்து கொஞ்சம் அதிகம், அது மனதில் இல்லாமலா விரல் நகர்ந்தது? ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பயந்து ஸ்கேன் அறையில் முகத்தைக்கூட அடக்கிவைக்கப் பழகியவள் நான், அந்தப் பழக்கம் அன்றைக்கு எங்கே போனதோ.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள்.

லேசர் முடிந்த மறுநாள் ஸ்கேனில் பெரியதின் இதயம் நின்றிருந்தது. சின்னதின் அடிவயிற்றில் மிளகு அளவு ஒரு கறுப்புப் பொட்டு, மூத்திரப்பை நிரம்ப ஆரம்பித்திருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் அதைப் பார்த்து நாங்கள் துள்ளியிருப்போம்.

33 வாரத்தில் சின்னவள் பிறந்தாள். சில மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தபடியே அவள் சொன்னாள்: "அன்னைக்கு ராத்திரியே இவகிட்ட போய்ட்டு வாடின்னு சொல்லிட்டேன் மேடம். இன்னொருத்திகிட்டதான் ஒண்ணும் சொல்லல." குறையாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை, எடை எவ்வளவு என்று கேட்டேன்.

இப்போதெல்லாம் எண்ணைச் சொல்லும்போது படத்தை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறேன். போன மாதம் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க மனசுல ஏதோ இருக்கு, சொல்ல மாட்டேங்கறீங்க டாக்டர்" என்றார். இருந்தது. சொல்லவில்லை. அடுத்த நாள் வேறொரு டாக்டரிடம் போய்விட்டார்.