சமுதாயக் கல்லூரியிலிருந்து ஆய்வகத்துக்கு: என் பத்து வார இன்டர்ன்ஷிப்

2019 கோடையில் பத்து வாரம், கலிபோர்னியாவில் பெர்க்லி மலைமேல் இருக்கும் தேசிய ஆய்வகத்தில் இன்டர்னாக வேலை செய்தேன். அப்போது எனக்கு வயது 33. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் படித்துக்கொண்டிருந்தது யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு அது) 46 டாலர் கட்டணம் வாங்கும், பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் சொல்லித்தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில். இதைச் சொன்னால் இங்கே படிக்கத் தொடங்கியிருக்கும் நம் பெண்கள் பலர், "நமக்கெல்லாம் யார் இன்டர்ன்ஷிப் தருவார்கள்?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தேன். பிறகு திருமணம்; 2012-இல் கணவரோடு அமெரிக்கா. வேலை விசாவில் வருபவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் அப்போது வேலை செய்ய அனுமதி கிடையாது. 2016-இல் கிரீன் கார்டு வந்தது. வரிசையில் இன்னும் காத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களை நினைத்தால் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். கணக்கும் இயற்பியலும் படித்து, இரண்டு ஆண்டு முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வது என்பது திட்டம்.

முதல் ஆண்டில் ஏறக்குறைய நாற்பது இன்டர்ன்ஷிப்களுக்கு விண்ணப்பித்தேன். பதில் வந்தவை மூன்று, மூன்றும் மறுப்பு. காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பெரிய நிறுவனங்கள் பட்டம் முடிக்க ஓராண்டு இருக்கும் மாணவர்களைத் தேடுகின்றன. கோடையில் வேலை வாங்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு நிரந்தரமாக எடுத்துக்கொள்வதற்காகத்தான் அந்தத் திட்டத்தையே நடத்துகின்றன. சமுதாயக் கல்லூரியில் இருப்பவர்களோ பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படிப்பவர்கள். எங்கள் வளாகத்துக்கு அந்த நிறுவனங்கள் வருவதும் இல்லை. கலிபோர்னியாவில் மட்டும் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவ்வளவு பேர் படிக்கும் இடத்தை ஆள் எடுப்பவர்கள் தாண்டிப் போவது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிறிய நிறுவனம் என்னை அழைத்தது. வாரம் 25 மணி நேரம், ஆறு மாதம், சம்பளம் இல்லை. "அனுபவம் கிடைக்கும்" என்றார்கள். வேலையை விட்டுப் போன ஒருவர் செய்துகொண்டிருந்த தரவுப் பதிவை நான் செய்ய வேண்டும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ரெஸ்யூமில் எழுத ஒரு வரியாவது கிடைக்குமே! கல்லூரியின் வேலைவாய்ப்பு மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மையாரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 71-ஆம் எண் விளக்கத் தாள். 2018 ஜனவரியில் திருத்தி வெளியிட்டது. லாப நோக்கில் நடக்கும் நிறுவனம் சம்பளமில்லாமல் இன்டர்ன் வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பார்க்க அதில் ஏழு அம்சங்கள் இருக்கின்றன. வேலை படிப்போடு சேர்ந்ததா, கல்லூரிக் கால அட்டவணைக்கு ஒத்துப்போகிறதா, சம்பளம் வாங்கும் ஊழியரின் இடத்தை இன்டர்ன் நிரப்புகிறாரா என்பவை அவற்றுள் சில. ஏதோ ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. மொத்தத்தில் அதிகம் பயனடைவது யார் என்று பார்க்கிறார்கள். நான் தாளைப் படித்து முடித்ததும் அவர், "இதில் பயன் யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினேன். எங்கிருந்தாவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கி இருக்கும் நேரத்தில் வரும் அழைப்பை மறுப்பது எளிதல்ல. அந்தத் தாளை மட்டும் எல்லோரும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

அதே அம்மையார்தான் வளாகத்தின் பயிற்று மையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு என்னை அனுப்பினார். மணிக் கணக்கில் சம்பளம். அதோடு 'வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்' என்றொரு பாடம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொண்டால் செய்யும் வேலைக்கே யூனிட் கிடைக்கும் என்றும் சொன்னார். அப்போதைய விதிப்படி சம்பளம் உள்ள வேலை என்றால் 75 மணி நேரத்துக்கு ஒரு யூனிட், சம்பளம் இல்லாததற்கு 60 மணி நேரம். கல்விப் பருவத் தொடக்கத்தில் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து என்னென்ன கற்கப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இறுதியில் அதை வைத்தே மதிப்பிடுவார்கள். பல கல்லூரிகளில் இப்படி ஒரு பாடம் இருப்பது மாணவர்களுக்கே தெரிவதில்லை.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்பதால் இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு விதி வேறு. வளாகத்துக்குள் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே படிப்போடு சேர்ந்த இன்டர்ன்ஷிப் என்றால் பொதுவாக ஒரு முழு கல்வியாண்டு முழுநேரமாகப் படித்து முடித்திருக்க வேண்டும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் அனுமதி தந்த பிறகுதான் முதல் நாள் வேலைக்கே போக வேண்டும். சம்பளம் வாங்கவில்லையே, பரவாயில்லை என்று நினைத்து யாரும் தொடங்கிவிடாதீர்கள்.

பயிற்று மையத்துக்கு எதிர் அறை எங்கள் இயற்பியல் பேராசிரியருடையது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அமெரிக்க எரிசக்தித் துறை சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தேசிய ஆய்வகங்களில் ஓர் இன்டர்ன்ஷிப் நடத்துகிறது, விண்ணப்பியுங்கள் என்றார். கம்யூனிட்டி காலேஜ் இன்டர்ன்ஷிப்ஸ் என்று பெயர், சுருக்கமாக சி.சி.ஐ. கோடையில் பத்து வாரம், முழுநேரம். வாரந்தோறும் உதவித்தொகை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், சராசரி மதிப்பெண் 4-க்கு 3.0-க்குக் குறையக் கூடாது. 12 யூனிட்டாவது முடித்திருக்க வேண்டும், அதில் 6 அறிவியல், கணக்கு, பொறியியல் பாடங்களில். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். விரும்பும் இரண்டு ஆய்வகங்களைக் குறிப்பிட வேண்டும். வயது உச்சவரம்பு எங்காவது ஒளிந்திருக்கும் என்று அறிவிப்பை மூன்று முறை படித்தேன். இல்லை.

கட்டுரைதான் என்னை வாட்டியது. முதல் வரைவில் பன்னிரண்டு ஆண்டுகள் படிப்பு விட்டுப்போனது ஏன் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியர் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "எதைச் செய்யவில்லை என்பது இதில் இருக்கிறது. என்ன செய்தீர்கள்?" என்றார். துணி பார்த்தேன் என்றேன். எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். பின்னல் துணியை வெளிச்சப் பலகைமேல் ஓடவிட்டுப் பார்ப்போம். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று வளைந்திருந்தாலும் துணி நெடுகிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழும். நீடில் லைன் என்போம். கோடு எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் எந்த ஊசி கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக் அண்ணன் எந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்பே நான் ஊசியைச் சொல்லியிருக்கிறேன்.

பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதை எழுதுங்கள். இப்போது சொன்னபடியே எழுதுங்கள்." இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினேன். திருப்பூரைப் பற்றி ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் பக்கம் அது. அதுவரை எந்த ரெஸ்யூமிலும் அந்த ஐந்து ஆண்டுகளை நான் போட்டதில்லை. கம்பெனி வேலைதானே, யார் மதிப்பார்கள் என்று நானே அடித்துவிட்டிருந்தேன். என் தோழிகளுக்கும் அப்பாவின் கடைக் கணக்கு, அம்மாவின் தையல், பால் சொசைட்டி வேலை என்று எவ்வளவோ இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை.

பரிந்துரைக் கடிதங்களைப் பேராசிரியரும் பயிற்று மைய மேற்பார்வையாளரும் எழுதினார்கள். கேட்கும்போதே என் கட்டுரை, மதிப்பெண் பட்டியல், கடைசித் தேதி மூன்றையும் ஒரே மடலில் கொடுத்தேன். கடிதம் எழுதுபவருக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நல்ல மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது. அவர் அறைக்குப் போய்க் கேள்வி கேட்டிருக்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர் அறை வாசலில் நின்று பழகிய நமக்கு இது கூச்சம்தான். ஆனாலும் போகத்தான் வேண்டும்.

ஜனவரியில் விண்ணப்பம் போனது. மார்ச்சில் ஒரு விஞ்ஞானி தொலைபேசியில் அழைத்தார். பைத்தான் நிரல்மொழி எந்த அளவுக்குத் தெரியும் என்று கேட்டார். ஒரு பாடம் படித்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். அடுத்துக் கேட்டது ஊசியைப் பற்றி. இருபது நிமிடம் அதையே பேசினோம். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது.

நான் வேலை செய்த இடம் பெரிய கும்மட்டம் வைத்த கட்டடம். இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸின் 184 அங்குல சைக்ளோட்ரானுக்காக, அதாவது அணுத்துகள்களை வேகமெடுக்க வைக்கும் எந்திரத்துக்காகக் கட்டியது. 1993 முதல் அதற்குள் எலெக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கிறார்கள். முதல் வாரம் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சிகள்தாம். பிறகு எனக்குக் கொடுத்த வேலை எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்ப்பது. ஒரு கல்லையோ எலும்பையோ சுழலவிட்டுப் பல நூறு படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்து முப்பரிமாணமாக்குவார்கள். படம் பிடிக்கும் உணர்கருவியில் ஒரு புள்ளி கெட்டிருந்தால், சேர்த்த படத்தில் அது வட்ட வட்டமாகத் தடம் விடும். எந்தப் புள்ளி கெட்டது என்று வட்டத்தின் ஆரத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். வழிகாட்டி இதைத் திரையில் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீண்டும் செக்கிங் பிரிவு!

வேலை எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று வாரம் என் நிரல் எதுவும் ஓடவில்லை. மற்ற இன்டர்ன்கள் என்னைவிடப் பதினான்கு வயது சிறியவர்கள். கணினியில் விரல் பறக்கும். தெரியாததைக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாள் காலையும் முந்தின நாள் சிக்கிய இடத்தை ஒரு வரியில் எழுதி வழிகாட்டிக்கு அனுப்பினேன். ஐந்தாம் வாரத்தில் நிரல் முதல் வட்டத்தைத் தானாகக் கண்டுபிடித்தது. வீட்டில் என் மாமியார் ஊரிலிருந்து வந்து பத்து வாரமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் கோடைக்குப் பதில் பருவ நாட்களில் பகுதிநேர வேலைக்கு முயன்று பாருங்கள்; வொர்க் எக்ஸ்பீரியன்ஸ் யூனிட் அதற்கும் கிடைக்கும்.

கடைசி வாரத்தில் அறிக்கையும் சுவரொட்டி விளக்கமும். எதிரே நின்று கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். எந்தக் கல்லூரி என்று பலர் கேட்டார்கள்; பெயரைச் சொன்னேன். அடுத்த கேள்வி வட்டங்களைப் பற்றியதாகவே இருந்தது.

செப்டம்பரில் மீண்டும் பயிற்று மையத்தில் உட்கார்ந்திருந்தபோது வழிகாட்டியிடமிருந்து மடல் வந்தது. என் நிரலை அந்த வாரம் பயன்படுத்திய ஓர் ஆய்வாளருக்கு, படத்தின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் வட்டங்கள் தவறிப்போகின்றனவாம். பிழை எங்கே என்று அன்று இரவு தேடினேன். பதினொன்றாம் வரியில் இருந்தது. திருத்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.