வார்னிஷ் பூசாத ஓவியம்

"வார்னிஷ் வேண்டாம் தம்பி, படிவது படியட்டும்" என்று அந்த ஓவியத்தை வரைந்த அக்கா சொன்னபோது நான் இணங்கியது சரிதானா என்ற கேள்வி, தென்னாப்பிரிக்காவின் டொங்காட் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைத்துக் கருஞ்சாம்பல் பறந்து வரும் மாதங்களில் எல்லாம் எனக்குள் எழுகிறது.

உருவம் எதுவும் இல்லாத ஓவியம் அது, அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் வண்ணத்தில் வரைந்தது. அடியில் கரிக்கறுப்பு, அதன்மேல் நீர்க்கக் கரைத்த காவி பல அடுக்குகளாக ஏறி, இடையிடையே சுரண்டப்பட்டு மீண்டும் கறுப்பைக் காட்டும், மேல் ஓரத்தில் மெலிந்த ஒரு பச்சை. எரிந்த வயலில் கட்டைக் கரும்பு துளிர்ப்பதாக நான் அதைப் பார்த்தேன். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்த எங்கள் இருவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படங்களுக்குச் சட்டம் போடுபவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தண்ணீர் ஆவியானதும் அக்ரிலிக்கின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். அதன்பின் அது தண்ணீரில் கரையாது. ஆனால் எங்கள் ஊர் வெப்பத்தில் அந்தப் படலம் சற்று இளகியே இருப்பதால், வார்னிஷ் பூசாவிட்டால் சாம்பல் நேராக அதில் பற்றிக்கொள்ளும், பின்னர் எடுப்பது கடினம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டபின் அவர், "மாறுவதைத்தான் வரைந்திருக்கிறேன், அதை இன்றோடு நிறுத்திவைக்க நமக்கு என்ன உரிமை?" என்றார்.

வாங்கியவர் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார். அக்காவின் விருப்பத்தைத் தெரிவித்தபோதும் அவர் மறுக்கவில்லை. விளங்கி ஒப்புக்கொண்டாரா, என்மீதுள்ள நம்பிக்கையால் ஒப்புக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. "பூசிவிடுவோம், வேண்டாமென்றால் டர்ப்பன்டைன் கொண்டு எடுத்துவிடலாம்" என்று அக்காவைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஆனால் அப்படி எடுக்கக்கூடிய வார்னிஷுக்கு அடியில் முதலில் பூசும் காப்புப் படலம் நிரந்தரமானது. அதை மறைத்துவிட்டு அவரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. இந்த ஒன்றில் நான் நேர்மையாக நடந்தேன் என்றே கருதுகிறேன்.

இருந்தும் மனம் அடங்கவில்லை. எண்ணெய் ஓவியங்கள் பல நூற்றாண்டுகளில் எப்படி முதுமையடைகின்றன என்று பார்த்திருக்கிறோம். நீரில் கரைக்கும் அக்ரிலிக்கோ 1950களில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. சாம்பல் படிவதை மாற்றம் என்று ஏற்றால், கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும் மாற்றம்தானே? அதையும் அவர் ஏற்றிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் புரிகிறது. அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்து, இங்கே முன்பு பச்சை இருந்ததா என்று கேட்டால், அது ஓவியத்தின் நிறைவா, அழிவா?

ஓவியத்தைப் படைத்தவரின் சொல்லுக்கே முதலிடம் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆயினும், அக்ரிலிக் ஓவியங்கள் வார்னிஷ் பூசியே தரப்படும் என்ற வரியை அதன்பிறகு என் ரசீதுகளில் அச்சிட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்பதில்லை.